ரூபனின் காலைக் குறிப்பு

ஜன்னலைச் சாத்த வேணாம்ண்ணே, இருக்கட்டும். வெயில் என் பக்கந்தான் அடிக்குது. ஸ்கிரீன் சரியாத் தெரிய மாட்டேங்குது, அதான் இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்குறேன். மாட்டுத்தாவணில பஸ் ஏறுனதுலருந்து தட்டிக்கிட்டே வர்றானே, அப்படி என்னத்தத் தட்டுறான்னுதான கேட்டீங்க? கேட்டதே சந்தோஷம். எங்க வீட்ல கூட இப்பல்லாம் யாரும் கேக்குறதில்ல.

சாஃப்ட்வேர்தான் நமக்கு. மதுரையிலயே வேலை. ஆனா இப்பத் தட்டுறது ஆபீஸ் வேலை இல்ல. நாளைக்கு நாகர்கோவில்ல ஒரு ஜெபக் கூட்டம். என் சேக்காளி ஒருத்தன் போய்ச் சேந்து நாளையோட வருஷம் முடியுது. அதுல அவன் கடைசியா எழுதுன குறிப்பு ஒண்ணை வாசிக்கணும்னு அவன் சம்சாரம் கேட்டிருக்கு. அதைத்தான் கொண்டு போறேன். கொஞ்சம் சரி பண்ண வேண்டியிருக்கு. நீங்க கோவில்பட்டிலதான எறங்கணும்? இன்னும் விருதுநகரே வரல. கேளுங்க.

அவன் பேரு ரூபன் ஜெபசிங். வேளச்சேரில நாங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல கெடந்தவய்ங்க. மொத வேலை, மொத சம்பளம், மொத திட்டு எல்லாம் ஒண்ணாத்தான். நான் அவனை மாப்ளம்பேன். அவன் என்னை மக்காம்பான். அவங்க ஊர்ல கொஞ்சுறதுக்கும் மக்காதான், சண்டை போடுறதுக்கும் மக்காதான், நாமதான் கொரலை வச்சுக் கண்டுபிடிச்சுக்கணும். அப்புறம் நான் மதுரைக்கு வந்துட்டேன். அவன் வீட்டுலருந்தே வேலை பாக்கலாம்னு ஒரு வெளிநாட்டுக் கம்பெனில சேந்து நாகர்கோவிலுக்கே போயிட்டான்.

அங்க போயித்தான் அவன் பெரிய ஆளானான். இந்த போன்ல சமையல் சொல்லிக் குடுக்குறவங்க, ஜோசியம் சொல்றவங்க பின்னாடி ஒரு கூட்டம் போகுதுல்ல, அது மாதிரி எங்க தொழில்லயும் உண்டுண்ணே. இவன் தினம் விடியக்காலைல ஒரு குறிப்புப் போடுவான். காலைக் குறிப்புன்னே பேரு. எப்படிச் சுத்தமா கோடு எழுதுறது, எப்படி நேரத்தை வீணாக்காம வேலை பாக்குறதுன்னு. கோடுன்னா ஒண்ணும் இல்ல, கம்ப்யூட்டருக்கு நாம எழுதுற உத்தரவு. அதை நாளைக்கு இன்னொருத்தன் வந்து படிச்சாலும் விளங்கணும். இவ்வளவுதான் அவன் சொன்னது. ஆனா சொல்ற விதம் இருக்கே! "பேரு வைக்கச் சோம்பல் படாதே. நீ வைக்கிற பேரைப் படிச்சுத்தான் அடுத்தவன் உன்னை வாழ்த்துவான், இல்லன்னா வைவான்." இப்படி எழுதுவான். காபி குடிக்கிறதுக்கு முன்னாடி அதைப் படிக்கிறவய்ங்க இருந்தாய்ங்க. சிங்கப்பூர்லருந்து, துபாய்லருந்தெல்லாம் படிச்சாய்ங்க.

அதுல முக்கால்வாசிக்கு மேல நான்தான் திருத்துனதுண்ணே. பீத்திக்கல, உள்ளதைச் சொல்றேன். அவன் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல யோசிப்பான், எழுதுனா வாக்கியம் நொண்டும். அதுனால பாஸ்வேர்டை என்கிட்டயே குடுத்துட்டான். நான் உள்ள போயிப் பாத்து, சரி பண்ணி வச்சிட்டு வருவேன். எத்தனை வருஷம்! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லியிருப்பானா? வருஷக் கடைசில 'இவங்களை எல்லாம் பின்தொடருங்க'ன்னு ஒரு பட்டியல் போடுவான். முந்தாநாள் வந்த பொடிப்பயலுக பேரெல்லாம் இருக்கும். சோலைராஜ்ங்கிற என் பேரு இருக்காது. கேட்டே புட்டேன். சிரிக்கிறான். "நீ நம்ம ஆளுல்லா மக்கா. உன்னைப் போட்டா சொந்தக்காரனைத் தூக்கி விடுகான்னு சொல்லிருவானுவ"ன்னான். நானும் எழுதுறேன்ல? எனக்குன்னு தனியாப் பக்கம் இருக்குல்ல? அதைப் படிக்கிறவன்ல பாதிப் பேரு என் ஆபீஸ்காரன், மீதி என் மச்சினன். சரி, விடுங்க. போனவனைப் பத்தி இப்ப என்னத்தக் குறை சொல்றது.

தண்ணி குடிக்கிறீங்களா? இருக்கு, குடிங்க.

அவன்கிட்ட ஒரு பழக்கம். தினம் உக்காந்து எழுத மாட்டான். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போயிட்டு வந்து, சாப்பிட்டுட்டு உக்காந்தான்னா மாசக் கணக்குக்கு எழுதி வரிசைல போட்டுருவான். அதுபாட்டுக்கு தினம் ஒண்ணா வெளிய போகும். ஆளு தூங்குனாலும் போகும், ஊருக்குப் போனாலும் போகும். எங்க தொழில்ல இதெல்லாம் பெரிய கெட்டிக்காரத்தனம்ண்ணே. ஒரே மாதிரி வேலையெல்லாம் மொத்தமா முடிச்சு வச்சிடணும்பாய்ங்க.

போன பங்குனில அவன் போயிட்டான். நெஞ்சு வலி. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தபடியே. நாப்பது கூட ஆகல. நான் போயிச் சேரும்போது பெட்டில வச்சிருந்தாங்க. சட்டைப் பொத்தானை மேல வரைக்கும் போட்டு விட்டிருந்தாங்க. அவன் என்னைக்கு மேல் பொத்தான் போட்டிருக்கான்? அதைப் பாத்ததும் எனக்கு வந்துச்சு பாருங்க அழுகை, பொம்பளைங்க எல்லாம் அழுகையை நிறுத்திட்டு என்னையப் பாத்தாங்க.

அடக்கம் பண்ண மறுநாள் காலைல குறிப்பு வந்துருச்சு. வரிசைல இருந்தது வரத்தான செய்யும்? யாருக்கும் அந்த ஞாபகமே இல்ல. "நேத்து சீக்கிரம் படுத்துட்டேன். நல்ல தூக்கம். எழுந்ததும் மனசு லேசா இருக்கு. தூக்கத்தைக் கடன் வாங்கி வேலை பாக்காதீங்க"ன்னு வருது. பியூலாவோட அண்ணன் எனக்கு போன் போட்டு, "வேய், உமக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?"ன்னு கத்துறாரு. நான் என்ன பண்ணேன்? பியூலாதான் அவன் சம்சாரம், ஸ்கூல் டீச்சர். அந்தப் புள்ள போனை வாங்கி, "சோலையண்ணே, அதை நிறுத்துங்கண்ணே, என்னால தாங்க முடியல"ன்னுச்சு. சரிம்மான்னுதான் சொன்னேன். சொல்லிட்டு உள்ள போறேன். வரிசையா இருக்கு, நாளைக்குப் போகப் போறது, நாளன்னைக்குப் போகப் போறதுன்னு. எல்லாத்தையும் தேர்ந்தெடுத்து அழிக்கிறதுக்கு ஒரு பொத்தான் இருக்கு. கை போகலண்ணே. அவன் எழுதி வச்சுட்டுப் போனது. ரெண்டு நாள் பொறும்மான்னு சொல்லிச் சொல்லியே தள்ளிட்டேன்.

விஷயம் தெரிஞ்ச ஒண்ணு ரெண்டு பேரு கீழ வந்து 'ஆழ்ந்த இரங்கல்'னு போட்டாய்ங்க. அதை அழிச்சுட்டேன். படிக்க வர்றவனுக்கு அது எதுக்கு? தேவையில்லாத வரி இருந்தா எடுத்துரணும், அது அவனே சொன்னதுதான்.

நான் நிறுத்தாம விட்டது நல்லதுதான் பண்ணுச்சு, பாத்துக்கங்க. ஒரு மாசம் போயிருக்கும். பியூலாவே கூப்பிடுது. "இன்னைக்கு அவங்க சொன்னதைப் பாத்தீங்களாண்ணே?" சொன்னதைங்குது! அதுக்கப்புறம் தினம் ஸ்கூலுக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி படிச்சுட்டுத்தான் வாசலைத் தாண்டும். கோடு பத்தி அதுக்கு என்ன தெரியும்? சோசியல் சயின்ஸ் எடுக்குது. இருந்தாலும் படிக்கும். படிச்சுட்டு எனக்கு போன் போடும். இப்படித்தான் ஒரு நாள், "அவங்க எங்கண்ணே தூங்குனாங்க, தூங்கவே மாட்டாங்கல்லா"ன்னுச்சு. நான் சொன்னேன், "இல்லம்மா, அவன் ராத்திரி சீக்கிரமே படுத்துருவான், எத்தனை தடவை எழுதியிருக்கான், எடுத்துப் பாரு"ன்னு. சரிண்ணேன்னு போனை வச்சிருச்சு. பொண்டாட்டிமார்க்கு எப்பவும் புருஷன் தூங்காத மாதிரியே தெரியும். எங்க வீட்லயும் அப்படித்தான்.

அவன் ஒழுக்கமான ஆளுண்ணே. வேலை நேரத்துல போன் எடுக்காதே, பேசணும்னா நேரம் குறிச்சுட்டுப் பேசுன்னு அவன்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தது. அவனோட கடைசி வாரம், திங்கக்கிழமை. திடீர்னு கூப்பிடுறான். நான் தெரியாத்தனமா எடுத்துட்டேன். "மக்கா, ஒரு மாதிரி இருக்குடே, கொஞ்சம் பேசலாமா"ங்கிறான். நான் ஒரு வேலைல முழுசா மூழ்கிக் கெடக்கேன். "மாப்ள, உன் சட்டம் உனக்கே மறந்து போச்சா? நேரம் போட்டு அனுப்பு"ன்னேன். சிரிச்சான். நல்லாத்தான் சிரிச்சான், எனக்கு இன்னும் காதுல இருக்கு. "சரி மக்கா, நீ சொல்லுகதுதான் கரெக்டு"ன்னுட்டு வியாழக்கிழமை மத்தியானத்துக்குப் போட்டு அனுப்புனான். புதன்கிழமை போயிட்டான். வியாழக்கிழமை மத்தியானம் கல்லறைத் தோட்டத்துல நிக்கிறேன், பாஸ்டர் மண்ணுக்கு மண்ணாகன்னு சொல்லிக்கிட்டிருக்காரு, என் பையில போன் அடிக்குது. எடுத்துப் பாக்குறேன். அவன் குறிச்சு அனுப்புன நேரத்தை ஞாபகப்படுத்துது: 'ரூபனுடன் பேச்சு.' எல்லாரும் திரும்பிப் பாக்குறாய்ங்க.

நான் என்னண்ணே தப்புப் பண்ணேன்? அவன் போட்ட சட்டத்தைத்தான கடைப்பிடிச்சேன்? இல்ல, நீங்க ஒண்ணும் சொல்லல. சும்மா கேட்டேன். இந்த பஸ்ல தூசிதான் பெரிய தொந்தரவு, கண்ணைத் தொறக்க முடியல.

ஆடி மாசம் வரிசை தீந்து போச்சு. இதுதான் நான் சொல்ல வந்தது. கடைசியா வந்தது என்ன தெரியுமா? "வேண்டாத பழைய வரிகளை ஓரமா ஒதுக்கி வைக்காதே. அழிச்சிடு. தேவைன்னா திரும்ப எழுதிக்கலாம்." அவ்வளவுதான். அன்னைக்கு எனக்கு ஆபீஸ்ல ஒண்ணுமே ஓடல. மறுநாள் காலைல பியூலா கூப்பிடுது. "அண்ணே, இன்னைக்கு வரலியே." கொரல் ஒரு மாதிரி ஆடுது. நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க? தீந்து போச்சும்மான்னு சொல்லுவீங்களா? சொல்ல முடியுமாண்ணே? "ஏதோ கோளாறும்மா, பாத்துச் சரி பண்றேன்"னேன். உக்காந்து ஒண்ணு எழுதுனேன். போட்டேன்.

அவன் எப்படி எழுதுவான்னு எனக்குத் தெரியாதா? ரூபன் எழுதுறதைத் திருத்தித் திருத்தி எனக்கு ரூபன் கை வந்துருச்சு. அவனை மாதிரி உக்காந்து யோசிக்கிறப்ப அவன் பக்கத்துலயே இருக்கான். "மக்கா, அந்த வார்த்தை வேணாம், நீட்டாதே"ங்கிறான். எனக்கு அவன் போனதுலருந்து பேசுறதுக்கு யாருண்ணே இருக்கா? காலைல அந்தக் கொஞ்ச நேரந்தான். எழுதி முடிச்சு அனுப்புற பொத்தானை அமுக்குனதும் போயிருவான். அதுக்கப்புறம் அன்னைக்கு முழுக்க இந்த உலகத்துல நான் மட்டுந்தான் இருக்கேன்.

ஆடிலருந்து இன்னைக்கு வரைக்கும் வந்ததெல்லாம் நம்ம சரக்குதான். ஒரு பய கண்டுபிடிக்கல. இன்னும் சொல்லப்போனா கூட்டம் கூடியிருக்கு. ஒரு குறிப்பு, அதை நான் முன்னாடியே என் பக்கத்துல போட்டிருந்தேன், ஒரு நாய் எட்டிப் பாக்கல. அதையே எடுத்து அவன் பேர்ல போட்டேன். அம்புட்டுப் பேரும் ஆகா ஓகோங்குறாய்ங்க. 'ரூபன் சார், உங்களாலதான் நான் இந்தத் தொழில்லயே இருக்கேன்'னு ஒருத்தன் எழுதுறான். அதுக்கு நான்தான் நன்றி தம்பின்னு பதில் போட்டேன். எழுத்து அதே எழுத்துதான், பேரு மட்டுந்தான் வேற. என்ன உலகம்ணே இது.

அதுல ஒண்ணு பியூலாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. "வேலையை மூடிட்டு எழுந்து வீட்டுக்குள்ள போ. கோடு நாளைக்கும் அங்கேயே இருக்கும். உனக்காகக் காத்திருக்கிறவங்க அப்படியே இருக்க மாட்டாங்க." நல்லாருக்குல்ல? எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. அந்தப் புள்ள அதைப் பிரிண்ட் போட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு, அவன் போட்டோவுக்குக் கீழ மாட்டியிருக்கு. போன்ல அழுவுது. "நான் காத்துட்டு இருந்தது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குண்ணே. நான் அவங்கள என்னல்லாமோ நெனச்சிட்டேன். கல்யாணம் ஆன நாள்லருந்து என்னைய ஒரு ஆளாவே பாக்கலன்னு நெனச்சிட்டேன். தெரிஞ்சிருக்குல்லா?" நான் "ஆமாம்மா, அவன் உன்னையத்தான் நெனச்சு எழுதியிருக்கான்"னேன். "எப்பண்ணே எழுதுனாங்க?"ன்னுச்சு. "கடைசி ஞாயித்துக்கிழமை"ன்னேன். வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குனேன்னு மறுநாள் சொல்லுச்சு. ஒரு புள்ள தூங்கியிருக்கு. அதுக்கு மேல என்ன வேணும்?

சாத்தூர் வந்துருச்சு. காராச்சேவு விக்கிறாய்ங்க பாருங்க, வாங்கணுமா? சரி.

போன வாரம் கூப்பிடுது. "சோலையண்ணே, இனிமே தினம் காலைல காத்துட்டு இருக்க என்னால ஆவாது. இன்னைக்கோட தீந்துருமோ, நாளைக்கோட தீந்துருமோன்னு பயந்து பயந்து எழும்புகேன். நீங்க வாங்க. வரிசைல கடைசியா இருக்கது எதுவோ அதைக் கொண்டு வாங்க. வருஷ ஜெபத்துல எல்லார் முன்னாடியும் நானே வாசிக்கேன். வாசிச்சுட்டு இதை முடிச்சுக்கிடலாம். மத்ததெல்லாம் வேண்டாம்." வர்றேம்மான்னுட்டேன்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. நெசமான கடைசிக் குறிப்பு, பழைய வரியை அழிச்சிடுங்கிறது. அதையாண்ணே ஒரு ஜெபக் கூட்டத்துல வாசிக்கிறது? பாஸ்டர் இருப்பாரு, சொந்தபந்தம் இருக்கும். அவனைப் பத்தி என்ன நெனைப்பாங்க? அதான் புதுசா ஒண்ணு. நாலு நாளா எழுதுறேன். கேளுங்க, வாசிக்கிறேன். "எழுதி முடிச்சதை ஒரு தடவை திரும்பப் படிச்சுப் பாருங்க. நான் இல்லாத அன்னைக்கு இதைப் படிக்கப் போறவங்களை நெனச்சுத்தான் நான் ஒவ்வொரு வரியையும் எழுதுனேன்." எப்படி? கூட்டம் அப்படியே உக்காந்துரும்ல?

அதுக்குக் கீழ ஒரு வரி சேத்திருக்கேன். சின்ன வரிதான். "இத்தனை வருஷமும் என் எழுத்தைத் திருத்தித் தந்த நண்பன் சோலைராஜுக்கு நன்றி." என்னண்ணே அப்படிப் பாக்குறீங்க? அவன் சொல்லியிருப்பான்ண்ணே. நேரம் கெடைச்சிருந்தா சொல்லியிருப்பான். என் மாப்ளைய எனக்குத் தெரியாதா?

ஆனா பியூலாவுக்குன்னு ஒரு வரி வேணும். அதுதான் வர மாட்டேங்குது. காலைலருந்து அதைத்தான் அடிச்சு அடிச்சு எழுதுறேன். எது எழுதுனாலும் பொய்யாத் தெரியுது. மத்ததெல்லாம் அப்படித் தெரியல, இது மட்டும் தெரியுது. நான் அந்தப் புள்ளைகிட்டயே கேட்டேன், "அவன் உன்கிட்டக் கடைசியா என்னம்மா சொன்னான்?"னு. ஏதாவது கெடைச்சா அதை வச்சு எழுதிரலாம்னு. சொல்லுச்சு. ஒண்ணும் உபயோகப்படல.

கோவில்பட்டி வந்துருச்சுண்ணே. பையை எடுத்துக்கங்க. பாத்து எறங்குங்க, இன்னும் நிக்கல.

என்ன சொன்னானா? கேக்குறீங்களா? "நீ போய்ப் படு பியூலா, நான் இதை மட்டும் முடிச்சிட்டு வாறேன்"னானாம். அந்தப் புள்ள போய்ப் படுத்திருச்சு. இதைக் கொண்டு போயி எப்படிண்ணே கூட்டத்துல வாசிக்கிறது, நீங்களே சொல்லுங்க.